தேவாலய இல்லத்தில் இருக்கும் மச்சாளுக்கு அடுத்தது என்ன?

கனடாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஒட்டுசுட்டான் பக்கம் வாழ்ந்த அவருடைய மச்சாளைப் புருஷன் அடித்து, இரண்டு பிள்ளைகளோடு வீட்டை விட்டுத் துரத்திவிட்டான். அவனுக்கு இப்போது வேறொரு தொடர்பும் இருக்கிறதாம். பஸ் நிலையத்தில் பிள்ளைகளோடு நின்றவளை யாரோ பார்த்துப் பங்குத்தந்தைக்குச் சொல்ல, அவர் மூலமாகக் கன்னியர்கள் நடத்தும் ஒரு பெண்கள் இல்லத்தில் சேர்ந்திருக்கிறாள். ஆறு மாதம்தான் வைத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். துரத்தப்பட்ட வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டியது, காணி புருஷன் பெயரில் பெர்மிட், அதாவது அரச காணியில் இருக்க அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரம். கேள்விகள்: நாங்கள் சைவம், அங்கே மதம் மாற்றுவார்களா? ஆறு மாதத்துக்குப் பிறகு எங்கே போவாள்? நாங்கள் காசு அனுப்பினால் வாடகை வீடு எடுப்பதா, காணி வாங்குவதா?

நான் பல வருடமாக வன்னியில் இப்படியான இல்லங்களோடும் பிரதேச செயலகங்களின் பெண்கள் பிரிவுகளோடும் வேலை செய்கிறவள், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன். முக்கியமானதை முதலே சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு மாதத்துக்குள் அவளுடைய பத்திரங்கள், வழக்கு, காணி, இந்த மூன்று அலுவலும் நகர்ந்திருக்க வேண்டும். அவை நகராமல் சாப்பாடும் தையல் வகுப்பும் செபமும் மட்டும் நடந்தால், இல்லம் எவ்வளவு அன்பாகப் பார்த்தாலும், ஆறாம் மாதக் கடைசியில் அவள் அதே புருஷனிடம்தான் திரும்பிப் போவாள், ஏனென்றால் போவதற்கு வேறு வாசல் இருக்காது. அப்படித் திரும்பிப் போனதைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்தோம் என்று அறிக்கையில் எழுதும் இல்லங்களும் இருக்கின்றன. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

மதம் பற்றிய பயத்தை முதலில் பார்ப்போம், அது நியாயமான கேள்வி. வன்னிச் சனத்துக்குத் தேவாலயம் என்பது ஞாயிறு பூசைக்கான இடம் மட்டும் இல்லை. 1990களில் மடுத் திருப்பதி வளவு முழுக்க இடம்பெயர்ந்த சனம், அதில் சைவக் குடும்பங்களும் தாராளமாக இருந்தன. 1999 நவம்பரில் அந்த வளவுக்குள்ளேயே ஷெல் விழுந்து ஆட்கள் செத்தார்கள். 2009 தொடக்கத்தில் வலைஞர்மடம் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்களிடமும் யாரும் என்ன சமயம் என்று கேட்கவில்லை. அந்த நினைவு இன்னும் இருப்பதால்தான், இரவில் பிள்ளைகளோடு நிற்கும் ஒரு பெண்ணை முதலில் பாதரிடமோ சிஸ்டரிடமோ கூட்டிக்கொண்டு போகிறார்கள். பொலிசுக்குப் போவதை விட அது அவளுக்கும் சுலபம்.

என் அனுபவத்தில் கத்தோலிக்க, மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபை போன்ற பழைய சபைகளின் இல்லங்களில் மதமாற்றம் என்பது பொதுவாக நடப்பதில்லை. ஆனால் பொதுவாக என்பது உங்களுக்குப் போதாது. நேராகக் கேளுங்கள். மாலைச் செபத்துக்கு வராவிட்டால் பிரச்சினையா, திருநீறு பூசலாமா, பொட்டு வைக்கலாமா, வைகாசி விசாகத்தில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போக விடுவார்களா, பிள்ளைகளைப் பாடசாலையில் சைவசமய பாடத்திலேயே விடுவார்களா? சிஸ்டர் முகம் சுளிக்காமல் ஆம் என்று சொன்னால் நிம்மதியாக இருங்கள். உதவியோடு சேர்த்து ஞானஸ்நானம் பற்றிப் பேசுகிற இடமாக இருந்தால் வேறு இடம் பார்க்கத் தொடங்குங்கள், அது எந்தச் சபையாக இருந்தாலும் சரி. எந்த மதத்தையும் வைத்திருக்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எல்லோருக்கும் கொடுக்கிறது, போக்கிடம் இல்லாதவளுக்கும் அது உண்டு.

மதத்தை விட நான் கவலைப்படும் வேறு விஷயங்கள் இருக்கின்றன. அவளுடைய தொலைபேசி அவள் கையில் இருக்கிறதா? வங்கிப் புத்தகம் அவளிடமா, அலுமாரியில் பூட்டியா? வெளியே போய்வர முடியுமா, அல்லது பாதுகாப்பு என்ற பெயரில் கேற் எப்போதும் பூட்டா? ஆண் பிள்ளைக்கு என்ன வயது? பல பெண்கள் இல்லங்கள் பத்துப் பன்னிரண்டு வயது தாண்டிய பையன்களை வைத்திருப்பதில்லை, அவர்களைத் தனியாகச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பச் சொல்லுவார்கள், தாய்க்கு அது இரண்டாவது தடவை குடும்பம் உடைந்தது போல. உங்கள் மச்சாளின் பிள்ளைகளில் ஒருவன் அந்த வயதை நெருங்குகிறான் என்றால் இப்போதே பேசுங்கள். பாட்டியோ சித்தியோ அருகில் இருந்தால் பள்ளி நாட்களில் அங்கே வைத்துக்கொண்டு சனி ஞாயிறு தாயோடு இருக்கவிடலாம். சிறுவர் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் பார்க்க வேண்டும், அதுவும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் அறியாமல் நடக்கக்கூடாது.

இன்னொன்று, படம். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று முகம் தெரிய எடுத்த படங்கள் முகநூலில் வருகின்றன. புருஷன் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் படத்தில் பின்னால் தேவாலயக் கோபுரம் தெரிந்தாலே போதும், வன்னியில் ஆளைக் கண்டுபிடிக்க. நீங்களும் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், அவர்களையும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, அலுவலுக்கு வருவோம்.

முதல் கிழமைகளில் நடக்க வேண்டியது பத்திரங்கள். தேசிய அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், குடும்ப அட்டை, அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கிறது என்றால் அதன் விபரம், பெர்மிட்டின் போட்டோ பிரதி. துரத்தப்பட்டவள் உடுத்த உடுப்போடுதான் வந்திருப்பாள், இவை எல்லாம் புருஷன் வீட்டு அலுமாரியில் கிடக்கும். அதை எடுக்கப் போய் அடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும், அதனால் தனியாகப் போக விடாதீர்கள். பொலிஸ் நிலையத்தின் பெண்கள் சிறுவர் பிரிவோடு போகலாம், அல்லது விட்டுவிட்டுப் புதிதாக எடுக்கலாம். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்க முடியும், நடமாடும் சேவை வந்தால் இன்னும் சுலபம்.

திருமணச் சான்றிதழே இல்லை என்று சொன்னால் அதிர்ச்சி அடைய வேண்டாம். போரின் கடைசி வருடங்களில் வன்னிக்குள் பிள்ளைகளை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் பதினாறு பதினேழு வயதிலேயே கட்டிவைத்தார்கள், பதிவு என்று ஒன்று நடக்கவே இல்லை. இன்றைக்கு இல்லங்களுக்கு வரும் பெண்களில் அப்படிக் கல்யாணம் செய்தவர்கள் நிறைய. தாலி கட்டி, ஊரறியப் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்ததைக் காட்ட முடிந்தால் அதையும் திருமணமாக நீதிமன்றம் ஏற்க இடம் இருக்கிறது. அதனால் கல்யாணப் படம், கட்டிவைத்த ஐயர், சாட்சிக்கு நின்ற பெரியவர்கள், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் ஒரே குடும்பமாகப் பதிந்த அட்டை, எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். பிள்ளைகளுக்குத் தாபரிப்பு, அதாவது வளர்ப்புச் செலவுக் காசு, கேட்பதற்குப் பதிவுத் திருமணம் தேவையில்லை, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறது, தகப்பன் யார் என்று நிரூபித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. அவள் பதிந்திருக்கும் கிராம அலுவலர் பிரிவிலிருந்து பெயரை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். இல்லத்துக்குப் பக்கத்துப் பாடசாலையில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்பதற்காகப் பதிவையே மாற்றச் சொல்லுவார்கள். பிள்ளைகளின் சேர்க்கைக்கு இல்லத்தின் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்தில் பேசினால் பெரும்பாலும் சரிவரும். ஆனால் ஒட்டுசுட்டான் பக்கத்து விதானையாரின் பட்டியலில் பெயர் போய்விட்டால், அங்கே காணி கொடுக்க ஆட்களைத் தெரிவு செய்யும் காணிக் கச்சேரி நடக்கும்போதும் வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் எடுக்கும்போதும் அவள் வெளியூர்க்காரி ஆகிவிடுவாள்.

அடுத்தது வழக்கு. பலருக்குத் தெரியாத விஷயம் இது: வீட்டை விட்டு வெளியே போக வேண்டியது அவள்தான் என்று சட்டம் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவளே விண்ணப்பிக்கலாம், அவளுக்காகப் பொலிசும் விண்ணப்பிக்கலாம். இடைக்காலக் கட்டளை விரைவாகக் கிடைக்கும், பிறகு விசாரணை நடத்திப் பன்னிரண்டு மாதம் வரைக்குமான கட்டளை கொடுக்கலாம். அந்தக் கட்டளையில் அவன் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்ல முடியும், காணி அவன் பெயரில் இருந்தாலும்கூட. அவள் வேலை செய்யும் இடத்துக்கோ தங்கியிருக்கும் இல்லத்துக்கோ வரக்கூடாது என்றும், அவளைத் தெருவில் விடும் விதமாக வீட்டை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்றும், செலவுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேட்கலாம். கட்டளையை மீறினால் குற்றம், சிறைக்கும் போகலாம். நடைமுறையில் கொடுக்கிற நீதவானும் பொலிசும் எவ்வளவு அக்கறையாக இருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. அவன் குடித்துவிட்டு வந்து இரவில் படலையைத் தட்டும்போது கையில் இருக்கும் கடதாசி கதவைப் பிடித்துக்கொள்ளாது. அதனால் அவள் அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்பிப் போவதை எல்லோருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அண்ணன் தம்பி பக்கத்து வளவில் இருந்தால், ஊர் அவள் பக்கம் நின்றால், போகலாம். இல்லாவிட்டாலும் கட்டளையை எடுத்து வையுங்கள், ஏனென்றால் தாபரிப்பு, பிள்ளைகளின் பொறுப்பு, காணி எல்லாவற்றுக்கும் அது பின்னால் பயன்படும்.

காசு இல்லை என்று வழக்கைப் பின்போட வேண்டாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகள் நீதிமன்றங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். அடிகாயம் இருந்தால் மாவட்ட வைத்தியசாலையில் காட்டிச் சட்ட வைத்திய அறிக்கை எடுக்க வேண்டும், காயம் ஆறுவதற்கு முன்னால். அங்கே வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மிதுரு பியச என்ற நட்பு நிலையம் இருக்கும், அங்குள்ள தாதிமார் இந்த அலுவல்களுக்குப் பழகியவர்கள். உடனடி உதவிக்குப் பெண்களுக்கான இலக்கம் 1938, பிள்ளைகள் விஷயத்துக்கு 1929.

இப்போது காணி. எல்லாம் வந்து முட்டுகிற இடம் இதுதான், வன்னியில் வீடு இல்லாத பெண்ணின் கதையைத் தோண்டினால் பெரும்பாலும் காணி யார் பெயரில் என்பதில்தான் போய் நிற்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் பெரும்பகுதி குடியேற்றத் திட்டக் காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டாகவோ, அதற்கு அடுத்த படியான கிராண்ட் என்ற அளிப்புப் பத்திரமாகவோ கொடுத்தது. குடும்பத் தலைவர் என்று ஆம்பிளையின் பெயரைப் போட்டே கொடுத்து வந்தார்கள். வாரிசு ஒழுங்கிலும் பெண் பிள்ளைகளுக்கு முன்னால் ஆண் பிள்ளைகள் என்றுதான் பல பத்தாண்டுகளாக இருந்தது, 2022இல்தான் திருத்தம் வந்து அந்த வேறுபாட்டை எடுத்தார்கள். போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வந்தது, அதுவும் காணி யார் பெயரிலோ அவர் பெயரில். மண் அரித்தது, கல் சுமந்தது, காசு பத்தாமல் போனபோது நகையை அடகு வைத்தது எல்லாம் பெண். இன்றைக்கு அவன் "என்ர வீடு, வெளியில போ" என்கிறான்.

அவன் உயிரோடு இருக்கும்வரை அவளுக்கு அந்தக் காணியில் உரித்து இல்லை, ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன. பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. அதனால் பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து வைக்க வேண்டும்: நான் இவரின் மனைவி, இத்தனை பிள்ளைகள், துரத்தப்பட்டிருக்கிறேன், இந்த வழக்கு நடக்கிறது, என்னைக் கேட்காமல் இந்தக் காணியைக் கைமாற்ற அனுமதி கொடுக்க வேண்டாம். திகதி போட்டு, கிடைத்தது என்று கையெழுத்து வாங்கி, பிரதியை இல்லத்தில் வைக்க வேண்டும். அவன் இறந்தால் உயிரோடு இருக்கும் மனைவிக்கு அந்தக் காணியில் இருந்து வாழ இடம் உண்டு. இந்தக் காரணத்துக்காகவே, அவன் தரப்பு விவாகரத்துக் கடதாசியோடு வந்தால் சட்டத்தரணியிடம் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ரோசத்தில் கையெழுத்து வைத்தவர்கள் பிறகு பட்டது போதும்.

புருஷன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களுக்கு வேறு சிக்கல். உங்கள் மச்சாளுக்கு இது பொருந்தாது, ஆனால் இதை வாசிப்பவர்களில் யாருக்காவது தேவைப்படும். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாது, எடுக்காமல் காணி அலுவலும் நகராது. 2016இல் வந்த திருத்தத்தால் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம், அதை வைத்துச் சொத்து அலுவல்களைப் பார்க்க முடியும், இறந்துவிட்டார் என்று எங்கேயும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

இனி உங்கள் காசு. இதில்தான் வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் நல்ல மனதோடு பெரிய பிழைகள் விடுகிறார்கள்.

பெர்மிட் காணியை வாங்காதீர்கள். மலிவாக வரும், ரோட்டுக்குப் பக்கத்தில் வரும், வெள்ளைக் கடதாசியில் முத்திரை ஒட்டி எழுதித் தருவார்கள், சமாதான நீதவானின் கையெழுத்துக்கூட இருக்கும். அந்தக் கடதாசிக்கு ஒரு பெறுமதியும் இல்லை. விற்றவரின் மகன் பத்து வருடத்துக்குப் பிறகு வந்து எழும்பச் சொன்னால் எழும்பத்தான் வேண்டும். உறுதிக் காணியாக, அதாவது உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணியாக இருக்க வேண்டும், உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சியோடு எழுத வேண்டும், அதற்கு முன்னால் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்து ஈடு, வழக்கு எதுவும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வன இலாகாவின் எல்லைக்கல் பக்கத்தில் எங்கேயாவது நடப்பட்டிருக்கிறதா என்றும் ஊராரிடம் கேளுங்கள். சனம் போரில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் பற்றை மண்டிய காணிகள் பல, திரும்பி வந்தபோது காடு என்று ஆகியிருந்தன.

யார் பெயரில் எழுதுவது? உங்கள் பெயரில் எழுதிப் பாதுகாப்பாக வைத்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். இலங்கைக் குடியுரிமையை விட்டு இரட்டைக் குடியுரிமையும் எடுக்காதவர் என்றால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி நீங்கள் இங்கே காணி வாங்கவே முடியாது. முடிந்தாலும், உங்கள் பெயரில் இருக்கும் வீட்டில் அவள் மறுபடியும் ஒருவரின் தயவில்தான் இருப்பாள். அவள் பெயரில் இருக்க வேண்டும். ஆனால் இங்கே தேசவழமை என்ற வழமைச் சட்டம் வருகிறது, அது வடமாகாணத் தமிழர்களுக்குப் பொதுவாகப் பொருந்தும். திருமணம் சட்டப்படி இருக்கும்போது விலைக்கு வாங்கும் சொத்து தேடியதேட்டமாக, அதாவது கல்யாணத்துக்குப் பிறகு தேடிய சொத்தாகக் கருதப்பட்டால் அவனுக்கும் அதில் பங்கு வந்துவிடும், துரத்திவிட்டவனுக்கு! நன்கொடையாக வந்தது, சீதனமாக வந்தது அப்படி இல்லை, அது அவளின் தனிச்சொத்து. ஆகவே அவளின் தாயோ தகப்பனோ உங்கள் காசில் வாங்கி, பிறகு அவளுக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுப்பது பாதுகாப்பான வழி. இரண்டு உறுதிச் செலவு வரும், வந்தால் வரட்டும். அல்லது தாய் தகப்பனிடம் இருக்கும் உறுதிக் காணியிலேயே ஒரு துண்டைப் பிரித்து அவளுக்கு எழுதச் சொல்லி, உங்கள் காசை வீட்டுக்கும் கிணற்றுக்கும் வைப்பது இன்னும் நல்லது. சகோதரர்கள் முணுமுணுப்பார்கள், அதை நீங்கள்தான் பேசி முடிக்க வேண்டும், அவளால் இப்போது முடியாது.

தேசவழமையில் இன்னொரு முடிச்சும் உண்டு. கலியாணம் கட்டிய பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக்கூட விற்கவோ ஈடு வைக்கவோ புருஷனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கைவிட்டுப் போனவன், காரணம் இல்லாமல் சம்மதம் மறுப்பவன் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் அந்தச் சம்மதம் இல்லாமலே செய்ய அனுமதி எடுக்கலாம். பின்னால் வங்கிக் கடனுக்குப் போகும்போது இது தடுக்கும், அதனால் இப்போதே சட்டத்தரணியிடம் கேட்டு வைப்பது நல்லது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இது பொருந்துமா என்பது வேறு கேள்வி, கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் பக்கத்துப் பெண்கள் சட்டத்தரணியிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

காசு அனுப்ப முன்னால் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். வெட்கத்தில் அவள் சொல்லியிருக்கமாட்டாள். நுண்கடன் கொம்பனிகள் போருக்குப் பிறகு வன்னியில் வீடு வீடாக வந்து பெண்களின் கையெழுத்தில் கடன் கொடுத்தன, காசு போனது புருஷனின் மோட்டார் சைக்கிளுக்கோ குடிக்கோ, கிழமைக் கட்டுக்காசு கேட்டு நிற்பது இவளிடம். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டப் பெண்களுக்கு ஒரு லட்சம் வரையான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றிப்போயிருந்தது. இல்லத்தில் இருக்கும் பெண் ஒருத்தி திடீரென்று ஒருநாள் காணாமல் போனால், புருஷனை விடக் கடன்காரனுக்குப் பயந்துதான் போயிருப்பாள் என்று நான் முதலில் யோசிப்பேன். எல்லாக் கடனையும் ஒரு கடதாசியில் எழுதி, எது அவள் பெயரில், எதற்குப் பிணை யார் என்று பிரித்து, இல்லத்தின் ஆட்களோடு போய்த் தவணையை நீட்டிக் கேட்க வேண்டும். நீங்கள் அனுப்பும் முதல் காசு முழுவதும் இதற்குள் போய்விட்டால் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது.

வாடகையா காணியா என்ற கேள்விக்கு என் பதில், முதலில் வாடகை, பிறகு காணி. இல்லத்தை விட்டு வெளியே வந்தவுடன் தனிக் காணியில் தறப்பாள் கொட்டில் போட்டு இருக்க விடாதீர்கள். ஒதுக்குப்புறமான வளவில், மின்சாரம் இல்லாமல், கதவு இல்லாத மலசலகூடத்தோடு, இரண்டு பிள்ளைகளோடு ஒரு தனிப் பெண் இருப்பது என்றால் இரவில் நித்திரை இல்லை, அதோடு யானையும் பாம்பும் வேறு. சனம் நெருங்கி இருக்கும் இடத்தில், பாடசாலைக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு அறையும் குசினியும் உள்ள வீடு ஒரு வருடத்துக்கு. தனிப் பெண்ணுக்கு வீடு கொடுக்கப் பலர் தயங்குவார்கள், ஊர் என்ன சொல்லும் என்று. இந்த இடத்தில் தேவாலயத்தின் பெயர் உண்மையாகவே வேலை செய்யும். பாதரோ சிஸ்டரோ ஒருமுறை வீட்டுக்காரரிடம் வந்து, இந்தப் பிள்ளைக்கு நாங்கள் பொறுப்பு என்று சொன்னால் திறப்பு கைக்கு வந்துவிடும். ஒரு நல்ல இல்லம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று நான் நம்புகிறேன், இதற்குச் செலவும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அவள் பெயரில். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். முற்பணத்தை நீங்கள் கொடுங்கள், மாத வாடகையில் பாதியை அவளே கட்டட்டும், மற்றப் பாதியை ஒரு வருடத்துக்கு நீங்கள் பாருங்கள்.

சில தேவாலயப் பங்குகள் தங்கள் காணியில் சிறு வீடுகள் கட்டிக் குடும்பங்களை இருத்துகின்றன. இடைக்காலத்துக்கு அது நல்லது. ஆனால் பாதர் மாறுவார், புதிதாக வருபவருக்கு வேறு திட்டம் இருக்கும், அதனால் எத்தனை வருடம், யார் எழும்பச் சொல்லலாம், எவ்வளவு முன்னறிவித்தல் என்று ஒரு பக்கமாவது எழுதி வாங்குங்கள்.

வேலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லா இல்லங்களிலும் தையல் பழக்குகிறார்கள், ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே நான்கு தையல் மெஷின் சும்மா கிடக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகர்ப் பக்கமோ வவுனியாவிலோ ஆடைத் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வரும், ஊருக்கு பஸ்ஸும் வரும், ஆனால் விடிய வெள்ளன போய் இருட்டத்தான் வருவாள், பிள்ளைகளை யார் பார்ப்பது என்று முதலே முடிவு செய்ய வேண்டும். சமையல் நன்றாகத் தெரிந்தவள் என்றால் காலையில் இடியப்பமும் சம்பலும் கட்டிக் கடைக்குக் கொடுத்தே வாடகை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவளைக் கேளுங்கள், நாங்கள் தீர்மானிக்க வேண்டாம்.

அரசாங்க வீட்டுத்திட்டத்துக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள், காணி அவள் பெயருக்கு வந்த பிறகு. நம்பி இருக்க வேண்டாம். பாதிக் காசு வந்து மீதி வராமல் அத்திவாரத்தோடும் கூரை இல்லாத சுவரோடும் நிற்கும் வீடுகளை வன்னி முழுக்கப் பார்க்கலாம், 2019 இறுதியில் ஆட்சி மாறியதோடு நின்றுபோனவை பல. மீதி வரும் என்று கடன் வாங்கிக் கட்டினவர்கள் இன்னும் கட்டுக்காசு கட்டுகிறார்கள். உங்கள் காசில் கட்டுவதானால் ஒரு அறை, ஒரு குசினி, ஒரு மலசலகூடம், பூட்டக்கூடிய கதவு, மின்சாரம் என்று முழுதாக முடியுங்கள், நான்கு அறைக்கு அத்திவாரம் போட்டுவிட்டு நிற்க வேண்டாம். மேசனுக்கு மொத்தக் காசையும் ஒரேயடியாகக் கொடுக்காமல் வேலை முடிய முடியக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இல்லத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய கடைசி விஷயம், ஆறு மாதம் என்பது கல்லில் எழுதியதா என்பது. நீதிமன்றத் தவணைகள் ஆறு மாதத்தில் முடிவதில்லை, காணி அலுவல் நிச்சயமாக முடியாது. நல்ல இல்லங்கள் அலுவல் நகர்வதைப் பார்த்து நீட்டிக் கொடுக்கும், போன பிறகும் ஒரு வருடமாவது மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்க்கும். போய்ப் பார்க்க ஆள் இல்லை, பெற்றோலுக்குக் காசு இல்லை என்று சொன்னால் அந்தச் செலவை நீங்கள் கொடுங்கள். கட்டடத்துக்கும் கட்டிலுக்கும் நன்கொடை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள், இதற்குத்தான் யாரும் கொடுப்பதில்லை.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது: பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து மச்சாளுக்கு எடுங்கள், பக்கத்தில் யாரும் இல்லையா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கிறதா, கல்யாணம் பதிந்ததா, பெர்மிட் பிரதி எங்கே, கடன் எவ்வளவு, தாய் தகப்பனின் காணி உறுதியா பெர்மிட்டா. இந்த ஐந்துக்கும் பதிலை எழுதிக்கொண்டு சிஸ்டரிடம் பேசி, சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு ஒரு திகதி எடுக்கச் சொல்லுங்கள். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்பதை ஊரில் இருக்கும் வேறு சொந்தங்களுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.